முழுக்கப் போர்த்திய ரேடியேட்டர்

ராக்னா பதினொரு மணி ரயிலில் நார்வேக்கே திரும்பிப் போகிறாள் என்று தபால்காரர் என் கடையில் வந்து சொன்னார். பக்கத்தில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் ஹால்வர். கப்பல் ஏறிவிட்டால் அவள் இந்த டகோட்டாச் சமவெளிக்கு இனி வரப்போவதில்லை. ஸ்டேஷன் பன்னிரண்டு மைல்.

"ஏறுய்யா யாவாரி. நீ பேசினா யாரா இருந்தாலும் எறங்கி வருவாங்க. அவகிட்ட நீ பேசு," என்று ஹால்வர் வாசலில் நின்ற தன் காரின் கதவைத் திறந்தான்.

"ஆறு வருஷமா பொண்டாட்டிகிட்ட வாயே திறக்காத ஆளு, இன்னைக்கு என் வாயை எரவல் கேக்குறியாக்கும்!" என்றேன். ஆனாலும் ஏறினேன்.

எங்கள் பக்கம் பனிக்காலத்தில் கார் ஓட்டுவது அடுப்பில் பால் வைப்பது போல; கண்ணை எடுக்கக் கூடாது. ரேடியேட்டர் தண்ணீர் உறையாதிருக்க எரிசாராயம் கலப்போம். எஞ்சின் சூடு குறையாதிருக்க ரேடியேட்டருக்கு முன்னால் கம்பளி கட்டுவோம், கீழ்ப்பாதிக்கு மட்டும். முழுக்க மூடினால் சூடேறிச் சாராயம் ஆவியாகிவிடும்.

ஹால்வர் அவசரத்தில் முழுக்க மூடிக் கட்டினான்.

"மேல திறந்து விடுய்யா."

"சூடேறினாத்தான் பிச்சிக்கிட்டுப் போகும்."

"யார் சொன்னது, உன் குதிரையா?"

ஐந்தாவது மைலில் சாராய நெடி மூக்கைத் துளைத்தது. ஏழாவதில் ஆவி சீறியது. அவன் குதித்திறங்கி, கம்பளியை மொத்தமாக உருவிப் பின்சீட்டில் எறிந்தான். உள்ளே மிஞ்சியது வெறும் தண்ணீர்; எதிரே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் காற்று. இரண்டு மைல் போவதற்குள் மறுபடி ஆவி.

"ரேடியேட்டர் அடி உறைஞ்சு போச்சுய்யா! தண்ணி சுத்தாமத்தான் மேல கொதிக்குது. கம்பளியைப் போர்த்து!"

"கொதிக்கிறதுக்குக் கம்பளியா? கோடையிலயும் கம்பளி விக்கிற ஆளுதானே நீ!"

அது உண்மைதான். அதனால்தான் அவன் நம்பவில்லை. இரண்டு கையாலும் பனியை அள்ளி ரேடியேட்டரில் அப்பினான். உள்ளே எதுவோ 'படக்'கென்றது. கீழ்க்குழாய்கள் பிளந்து, ஒழுகிய கொஞ்சமும் ஒழுகும்போதே உறைந்தது. கார் அதோடு சரி.

தூரத்தில் பதினொரு மணி ரயிலின் புகை தெரிந்தது. மேடு பள்ளமில்லாத பூமி. அது போய் முடியக் கால் மணி நேரம் பிடித்தது. அவன் தொப்பியைக் கழற்றவுமில்லை, கையை ஆட்டவுமில்லை.

"நார்வேல இப்ப குளிரு எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

"அவ ஊரு கடற்கரைதானே? இந்த அளவுக்கு இருக்காது."

"அப்ப நல்லா இருப்பா," என்று கார்ப்படியில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தால் உறைந்துபோவாய், நடக்கலாம் வா என்று மூன்று தரம் கூப்பிட்டேன். பேரம் பேசியே வளர்ந்த வாய் இது. அவனிடம் ஒன்றும் படியவில்லை.