மைக்கம்மாவின் பயத்தைப் பொறுமை சொன்னபோது

1

இந்தக் கதை இரவல். அக்கா சமரசப் பேச்சுவார்த்தை நடத்துபவள். அரசு போட்ட ஒரு திட்டத்தால் இரண்டு தரப்பு முறைத்துக்கொண்டால், இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது அவள் வேலை. ("சண்டை போடறவங்களுக்கு டீ ஊத்திக் குடுக்கறா" என்று அம்மா உறவினர்களிடம் விளக்குவாள்.) அவளுடைய தட்டச்சர் விடுப்பில் போனதால் ஒருநாள் நான் போய் உட்கார்ந்தேன். நான் போகும் மாலை எழுத்து வகுப்பில் ஒரு கதை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பேச்சு தொடங்குமுன், இதைக் கதையாக எழுத இரு தரப்பிடமும் அனுமதி கேட்டேன்.

"எழுதிக்கோ. பேரும் ஊரும் வேணாம்" என்றார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதானாம்.

2

தொடக்கம்: "அன்று கடல் கோபமாக..." (இந்த வரியை வெட்டிவிட்டேன். அந்த அறையில் ஜன்னலே இல்லை.)

மறுபடி: ஆறு கடலில் சேருமிடத்தில், விவசாயிகள் கேட்டு அரசு கட்டிய ஒரு மதகு. கதவை மூடினால் வயலில் உப்புநீர் ஏறாது. ஆனால் இறால் குஞ்சும் உள்ளே வராது. திறந்தால் தலைகீழ். எப்போது திறப்பது என்பதில் இரண்டு ஊர்களின் சோறு இருக்கிறது.

மீனவர் சங்கத் தலைவியை எல்லோரும் மைக்கம்மா என்பார்கள். அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை. விவசாயிகள் தலைவருக்குப் பொறுமை என்று பட்டப்பெயர். யாரோ கிண்டலுக்கு வைத்தது.

3

ஐந்து மாதப் பேச்சை அக்கா ஒப்பந்தமாக அழகாக எழுதி வந்திருந்தாள். படித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பேனாவை நீட்டினாள். மைக்கம்மா வாங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு மேடம். இதுல நான் எங்க இருக்கேன்?"

"வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார் பொறுமை. "கையெழுத்துப் போட்டா வீட்டுல என்னை உள்ள விடமாட்டாங்க."

(இங்கே "அக்கா கலங்காமல் நிமிர்ந்தாள்" என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு, "புளுகாதடி. எந்திரிச்சு ஓடிரலாமான்னு பாத்தேன்" என்றாள்.)

ஓடிவிட நினைத்த அக்கா தாள்களை இரண்டாகக் கிழித்தாள்.

"இதெல்லாம் என் வார்த்தை. இப்ப நீங்க சொல்லுங்க. உங்க பயத்தை இல்ல, எதிர்ல இருக்கறவங்க பயத்தை. அவங்க சரின்னாதான் இவ டைப் அடிப்பா."

பொறுமை தொண்டையைச் செருமினார். "கதவு மூடியிருந்தா குஞ்சு வராது. அடுத்த வருசம் வலை காலி."

"அப்புறம்?" என்றார் மைக்கம்மா.

"அப்புறம் என்னம்மா?" கிழிந்த தாள்களை ஒதுக்கி வைத்தார் பொறுமை. "உங்களை ஒரு வார்த்தை கேக்காம கதவைக் கட்டிட்டோம். நாளைக்கும் கேக்கமாட்டோம்னு உங்களுக்குப் பயம்."

"டைப் அடிம்மா" என்றார் மைக்கம்மா, முதல்முறையாக மெதுவாக. பிறகு அவர் முறை. "உப்பு ஒரு தடவை ஏறினா சில வருசத்துக்கு நெல்லு வராது. கடல் பொங்கற நாள்ல இவரு தூங்கறதில்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பொறுமை.

"நான் மட்டும் தூங்கறேனா?"

நான் தட்டச்சு செய்யவில்லை. கண்ணீரில் விசைகள் தெரியவில்லை. (இந்த வரி அதிகமோ? வகுப்பில் வெட்டச் சொல்வார்கள். அந்த இருவருக்கும் நன்றி சொல்ல வேறு சொல் கிடைக்கும்வரை இருக்கட்டும்.)

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) கையெழுத்தாயிற்று, எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அங்கே யாரும் கட்டிக்கொள்ளவில்லை.

ஆ) உப்பு ஏறியது, ஒப்பந்தம் முறிந்தது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட அது போதுமான காரணமா என்று தெரியவில்லை.

உண்மையில், கையெழுத்தானது. அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். அம்மா டீ ஊற்றிக் கொடுத்தாள்.

ஒப்பந்தப்படி மதகு நாளைக்குத்தான் முதல்முறையாகத் திறக்கிறது. கதையை இன்றே கொடுத்தாக வேண்டும். கதவைத் தூக்கும் சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றுவது என்று ஒப்பந்தத்தில் இல்லை. நீரைப் பார்த்து அங்கேயே முடிவு செய்வோம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். சக்கரம் துருப்பிடித்தது. ஒருவரால் சுற்ற முடியாது. எதிரெதிரே நின்று இருவர் தள்ள வேண்டும்.

சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்பதை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு இறால் பிடிக்குமென்றால், முதலில் பொறுமையைக் கேளுங்கள்; சோறு பிடிக்குமென்றால், மைக்கம்மாவை.