சுவருக்கு வெளியே

காலை ஏழு மணிக்கே கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது. அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிந்த நாளிலிருந்து ஓல்ஷினெட்ஸ் கிராமம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் கிணறுகள் வற்றின. பிறகு ஆற்றோரப் புல்வெளி காய்ந்து மாடுகளை விற்றார்கள். போருக்குப் பின் சாம்பலிலிருந்து கட்டிய வீடுகளையும் சென்ற வருடம் இடித்தாயிற்று. இப்போது இறந்தவர்களின் முறை; எலும்புகளை எடுத்து வேறு கல்லறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சமைத்த லெயோகாடியா, கணவனின் எலும்புகள் புதுப் பெட்டிக்குள் போவதைப் பார்த்து நின்றாள். இன்னொன்று மிச்சமிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்ட அவளுடைய பெண் குழந்தை. ஞானஸ்நானம் ஆகவில்லை என்று அன்றைய பாதிரியார் உள்ளே இடம் தரவில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள்.

அதையும் எடுக்கச் சொல்லி அவள் கேட்டபோது மேஸ்திரி தாளைப் புரட்டிப் பார்த்தார். பட்டியலில் உள்ள குழிகளைத்தான் தோண்டலாம், தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றியபடி நகர்ந்தார்.

மதிய இடைவேளையில் மற்றவர்கள் ரொட்டியைப் பிரித்தபோது, ஃப்ளோரியான் என்ற குழிவெட்டி அவளிடம் வந்தான்.

"எந்த இடம்னு காட்டுங்கம்மா."

"சாப்பிடுற நேரம் தம்பி. இதுக்கு உனக்குக் கூலியும் தர மாட்டாங்க."

"தெரியும். எங்க ஊரைப் பத்து வருஷம் முன்னாடியே தோண்டிட்டாங்க. எங்க அப்பாவை எடுத்தப்ப நான் பட்டாளத்துல இருந்தேன். யாரோ பதனமா எடுத்திருப்பாங்கன்னு நம்பிக்கிட்டிருக்கேன்."

முழங்கால் ஆழம் தாண்டியதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினான். எலும்பு எதுவும் மிஞ்சவில்லை. மண் மட்டும் ஓரிடத்தில் கறுத்திருந்தது. அதில் மூன்று முத்துப் பொத்தான்கள். குழந்தைக்கு அவள் தைத்த சட்டையினுடையவை.

கறுத்த மண்ணைப் பொத்தான்களோடு ஒரு துணியில் கட்டிக் கணவனின் பெட்டிக்குள் வைத்தான்.

"அப்பாகூடவே இருக்கட்டும். பெட்டிக் கணக்கும் மாறாது. பாப்பாவுக்குப் பேரு?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லப்பா. வூட்சியா."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பெட்டி மூடியில் தகப்பன் பெயருக்குக் கீழே அதை எழுதினான். மண் அப்பிய அந்தக் கையை லெயோகாடியா தன் இரு கைகளிலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவனை உட்காரவைத்தாள். கொண்டுவந்திருந்த கசகசா கேக்கை முழுதாக அவன் மடியில் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

லாரி கிளம்பியபோது பெட்டியின் மேல் கைவைத்தபடி திரும்பிப் பார்த்தாள். சுவரின் வெளியோரம் நெடுகிலும், புல் மூடி, முழ நீளத்தில், பட்டியலில் இல்லாத இன்னும் பதினோரு மேடுகள். அவற்றின் குறுக்கே சுரங்கத்து ஆட்கள் சிவப்பு அளவைக் கம்புகளை அடித்துக்கொண்டு போனார்கள்.