கோமாரோம் மாப்பிள்ளையின் கடைசி அடி

மேடையின் முன்விளிம்பில், தரைக்குக் கீழே, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பொந்து இருக்கும். நடிகர்கள் வசனம் மறந்தால் அங்கிருந்து மெல்ல எடுத்துக்கொடுக்க வேண்டும். புடாபெஸ்ட்டில் ஒரே அரங்கத்தில் இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலை அது. வார்னாய் லிப்போட் மேடைக்கு வந்த முதல் நாள் எனக்கு அவருடைய பூட்ஸ்தான் தெரிந்தது. பிறகு குரல் கேட்டது. அன்று என் கையில் இருந்த பிரதியில் பக்கம் புரட்ட மறந்துவிட்டேன். நல்லவேளை, யாரும் வசனம் மறக்கவில்லை.

அது 1934. இசைநாடகத்தின் பெயர் ‘கோமாரோம் மாப்பிள்ளை’. படகோட்டி ஒருவன் இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான். அன்றைக்குத்தான் அவன் காதலிக்கு வேறொருவனோடு கல்யாணம். இரண்டாம் அங்கத்தின் முடிவில் மாதா கோயில் கதவு அவன் முகத்துக்கு நேரே மூடும். அவன் தனியாக நின்று பாடுவான். கடைசி அடி, ‘இனி உன் பெயரை ஆற்றுக்கு மட்டும் சொல்வேன்’ என்பது. ‘சொல்வேன்’ மேலே ஏறி உச்சத்தில் நிற்கும். நாலு தாளம் பிடித்தால் போதும் என்று இசையமைத்தவர் எழுதியிருந்தார். லிப்பி தன் இஷ்டத்துக்குப் பிடிப்பார். வாத்தியக்குழு நடத்துபவர் கோலைத் தூக்கியபடியே காத்திருப்பார். மூன்றாம் அங்கத்தில் எல்லாம் சுபமாக முடிந்துவிடும், அது வேறு விஷயம். சனங்கள் வந்தது அந்த ஒரு அடிக்காகத்தான். எதிர்க் காபிக் கடைக்காரர், சன்னல் வழியாக அது கேட்ட பிறகுதான் இடைவேளைக் கூட்டத்துக்குக் காபி வடிக்க ஆரம்பிப்பார்.

எல்லோரும் அவரை லிப்பி என்றுதான் கூப்பிட்டோம். கறாரான ஆள். ஒத்திகைக்கு ஒரு நிமிஷம் பிந்தினால் பேச மாட்டார். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் பாடுவதற்கென்று செப்பெஷி திவாதர் என்ற இளைஞனை வைத்திருந்தார்கள். இருநூற்றுப் பதிமூன்று காட்சிகளில் லிப்பிக்கு ஒருநாள்கூட உடம்பு சரியில்லாமல் போகவில்லை. திவாதர் தினமும் வேஷம் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றுவிட்டுப் போவான். அழகன். குரலும் மோசமில்லை.

பிறகு யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. லிப்பி யூதர். நடிகர் சங்கப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். 1939-இல், வேறு நாட்டிடம் இருந்த கோமாரோமின் மறுகரையும் நம் நாட்டோடு சேர்ந்துவிட்ட உற்சாகத்தில் நாடகத்தைத் திரும்பப் போட்டார்கள், கொடிகளும் சிப்பாய்களும் சேர்த்து. மாப்பிள்ளை வேஷம் திவாதருக்கு. டைரக்டர் ஜாதோர் என்னைக் கூப்பிட்டார்.

“யோலி, லிப்பி எங்கெங்க மூச்சு எடுப்பார்னு உன் பிரதியில பென்சில் கோடு போட்டு வச்சிருக்கியாமே.”

“ஆமாங்க.”

“அதைப் பையனுக்குச் சொல்லிக்கொடு. எங்க நிப்பார், எங்க திரும்புவார், எல்லாத்தையும்.”

சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரம், தினமும் மத்தியானம். திவாதர் நன்றாகப் பிடித்துக்கொண்டான். அவன் பாட்டை ரேடியோவில் போட்டார்கள். அந்த வருஷமே வீதியில் பெண்கள் அவனை நிறுத்திக் கையெழுத்துக் கேட்டார்கள்.

லிப்பியை நாற்பத்திரண்டில் கட்டாய வேலைப் படையில் உக்ரைனுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தைந்து கோடையில் திரும்பி வந்தார். இடது காலில் விரல்கள் இல்லை. மேல்வரிசைப் பற்கள் இல்லை. தலை முழுக்க வழுக்கை. அவருடைய அம்மா அந்த ஜனவரியில், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில் செத்துப்போயிருந்தார். என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் போட்ட உருளைக்கிழங்கை மெல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தபோது, எனக்காகப் பாடிக்காட்டினார். அந்தக் குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பல் இல்லாததால் சொற்கள் கொழகொழத்தன, அவ்வளவுதான்.

அவர் வந்த ஒரு மாதத்தில் திவாதர் அவரைத் தேடி என் வீட்டுக்கு வந்தான். போர்க்காலத்தில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று விசாரிக்கும் கமிட்டி நடிகர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். நான் உங்களுக்குக் கெடுதல் பண்ணலைன்னு.”

“பண்ணினியா?”

“இல்லண்ணே.”

“எங்கம்மாவுக்கு என்னமோ கொண்டுபோய்க் குடுத்தியாமே. அவங்க குடியிருந்த வீட்டுக்காரம்மா சொன்னாங்க.”

“வாத்துக் கொழுப்பு, ரெண்டு தடவை. மாவு ஒரு தடவை. அதுக்கப்புறம் உள்ள விடல.”

லிப்பி கையெழுத்துப் போட்டார். அவன் போன பிறகு என்னிடம், “அந்தச் சட்டம் அவன் போட்டதில்லையே, யோலி” என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பென்சில் கோடுகளைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1947-இல் மூன்றாவது தடவையாக நாடகம் ஏறியது. ஆட்சி மாறியதால் கொடிகள் இறங்கிவிட்டன, காதலியைக் கல்யாணம் செய்துகொள்ள வந்த பிரபு கொஞ்சம் கூடுதல் முட்டாளாகிவிட்டார். பல் கட்டிக்கொண்டு லிப்பி ஜாதோரைப் பார்க்கப் போனார். ஜாதோர் எழுந்து நின்று கட்டிப்பிடித்தார்.

“லிப்பி, நீங்க நொண்டிக்கிட்டு வந்தா அந்தப் பொண்ணு ஏன் திரும்பி ஓடிவரான்னு சனங்களுக்கு விளங்காது. கோவிச்சுக்காதீங்க. கோரஸுல கிழவன் வேஷம் ஒண்ணு இருக்கு.”

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கிழவன் வேஷத்தை வாங்கிக்கொண்டார்.

ஒத்திகையில் திவாதரின் குரல் உடைந்தது. சிகரெட்டோ பயமோ, நடுஸ்தாயி வரைக்கும் தேன் மாதிரி வரும். கடைசி அடியில் ‘சொல்வேன்’ கிழிந்துபோகும். மூன்று நாள் பார்த்தார்கள். நான்காம் நாள் ஜாதோர் பியானோ மூடியைச் சாத்திவிட்டு, கோரஸ் வரிசையில் நின்ற லிப்பியைப் பார்த்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது கேட்பதற்கு முன்பே அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அன்று திரும்பும்போது டிராமில் லிப்பியிடம் சொன்னேன்.

“வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“ஏன்?”

“உங்க குரலு. அவன் வாயி.”

“மூணு வருஷமா மண்ணு வெட்டறப்ப மனசுக்குள்ளயே பாடிட்டிருந்தேன், யோலி. வாத்தியத்தோட ஒரு தடவை பாடினாப் போதும் எனக்கு. யார் வாயா இருந்தா என்ன.”

மேடையில் வரைந்து நிறுத்திய கோயிலில் ஒரு சன்னல் இருந்தது. மெல்லிய துணி கட்டியது. அதன் பின்னால் ஒரு பலகைப் பெட்டியின் மேல் லிப்பி நிற்பார். கடைசி அடி வரை திவாதர் பாடுவான். அந்த ஒரு அடி மட்டும் லிப்பியுடையது. என் பொந்திலிருந்து இரண்டு பேரையும் பார்க்க முடியும். லிப்பி முடிக்கப்போகும்போது நான் விரலை இறக்குவேன். திவாதர் வாயை மூடுவான். ஒரு சந்தேகமும் யாருக்கும் வரவில்லை. முன்வரிசையில் பழைய ரசிகர்கள், “திவாதர் இப்பதான் லிப்போட் உயரத்துக்கு வந்திருக்கான்” என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதை லிப்பியிடம் சொன்னேன். சிரித்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை மறைக்கக் கூடாது. திவாதரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். பெட்டியின் மேல் கம்பளி விரித்து வைக்கச் சொன்னது அவன்தான்.

எண்பது காட்சிகள் தாண்டியிருக்கும். ஒரு நாள் ஆட்டம் தொடங்குமுன் திவாதர் ஒப்பனை அறைக்கு வெளியே லிப்பியை நிறுத்தினான். பிரதியோடு நானும் பக்கத்தில் இருந்தேன்.

“அண்ணே, ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லு.”

“நேத்து அந்தக் கடைசி சுரத்தை ரொம்ப நேரம் பிடிச்சிட்டீங்க. அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வச்சிட்டு நிக்கறது கஷ்டமா இருக்கு. கன்னம் வலிக்குது.”

“அப்படியா.”

“அப்புறம், தப்பா எடுத்துக்காதீங்க. அதுல அழுகை ஜாஸ்தியா இருக்கு. சனங்க என் குரல்ல அவ்வளவு துக்கத்தை எதிர்பார்க்கறதில்ல. கொஞ்சம் லேசாப் பாடுங்களேன்.”

லிப்பி அவன் முகத்தையே பார்த்தார். “உன் குரல்ல” என்றார்.

“சொல்றதுக்குச் சொன்னேண்ணே.”

“பாத்துக்கறேன் தம்பி.”

அன்று இரண்டாம் அங்கம் வழக்கம்போலப் போனது. கதவு மூடியது. திவாதர் பாடினான். கடைசி அடிக்கு வாத்தியங்கள் ஏறின. அவன் மார்பை விரித்து வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

துணிக்குப் பின்னால் லிப்பி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. உதடுகள் மூடியிருந்தன. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பழக்கதோஷத்தில் நான், “இனி உன் பெயரை, இனி உன் பெயரை” என்று திவாதருக்கு எடுத்துக்கொடுத்தேன், என்னவோ அவனுக்குச் சொல்தான் மறந்துபோன மாதிரி.

அவன் திறந்த வாயோடு நின்றான். கண்ணில் பயம். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவன் வாயை மூடி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மூடிய கதவுக்கு முன்னால் மண்டியிட்டு விழுந்தான். தோள்கள் குலுங்கின. அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை. எங்கோ மேல்மாடத்தில் ஒரு பெண் விசும்பினாள். யார் வீட்டிலும் சாவு இல்லாமல் இருந்த காலமில்லை அது. பிறகு தொடங்கிய கைதட்டல் அப்படியொன்றும் சட்டென்று நின்றுவிடவில்லை. திரையை ஏழு தடவை தூக்க வேண்டியிருந்தது. இருநூற்றுப் பதிமூன்று காட்சிகளில் லிப்பிக்கு ஒருநாளும் ஏழு தடவை தூக்கியதில்லை.

மறுநாள் பத்திரிகையில், துக்கம் பாடாது என்பதைக் கண்டுபிடித்த முதல் நடிகன் என்று திவாதரைப் பற்றி எழுதினார்கள். ஜாதோர் அதை உரக்க வாசித்துக்காட்டினார். லிப்பியைத் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் லிப்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“தெரிஞ்சு பண்ணினீங்களோ தெரியாமப் பண்ணினீங்களோ, நல்லதாப் போச்சு. தினமும் இப்படியே வச்சுக்கலாம். நீங்க இனிமே அந்தப் பெட்டி மேல ஏறிச் சிரமப்பட வேண்டாம்.”

திவாதர் வாசலில் லிப்பியை மறித்தான்.

“நான் நடிக்கலண்ணே. பயந்து போய்த்தான் விழுந்தேன்.”

“தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“வேணும்னா டைரக்டர்கிட்டப் பேசறேன்.”

“என்னத்தைப் பேசுவ?” என்றார் லிப்பி. திவாதர் விலகி வழிவிட்டான்.

கிழவன் வேஷத்தையும் விட்டுவிட்டு லிப்பி, செபெல் தீவில் ஒரு தொழிற்சாலையின் பாட்டுக்குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். இரும்பு வார்ப்பவர்கள், பாரந்தூக்கி ஓட்டும் பெண்கள். அவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவர்களைப் பற்றித்தான் பேசுவார். அரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டபோது திவாதருக்குப் பட்டம் கொடுத்தார்கள், அரங்கக் குழுவில் இடமும் கொடுத்தார்கள். வெளியூர் அரங்கங்கள் ‘கோமாரோம் மாப்பிள்ளை’யைக் கேட்டன. பிரதி எடுத்து அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. கடைசி அடியின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ‘மண்டியிடுகிறான், மௌனம்’ என்று எழுத வேண்டும். ஒன்பது பிரதிகளில் எழுதினேன்.

1952 வசந்தத்தில் லிப்பி, “சோல்நோக்குல போடறாங்களாமே, போய்ட்டு வரலாமா?” என்றார். பகல் ஆட்டத்துக்கு ரயிலில் போனோம். மாப்பிள்ளையாக நடித்த பையனுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். பளிங்குக் குரல். கதவு மூடியதும் அருமையாகப் பாடி வந்து, உச்சிக்கு ஒரு படி கீழே நிறுத்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். தோள் குலுங்கியது. கைதட்டினார்கள்.

முடிந்ததும் உள்ளே போய்ப் பையனைப் பார்த்தோம். நான் எந்த அரங்கத்து ஆள் என்று சொன்னேன். லிப்பி தன் பெயரைச் சொல்லவில்லை.

“நல்லாப் பாடினப்பா. அந்தக் கடைசி அடியைப் பாடியிருந்தா உனக்கு வந்திருக்கும். ஏன் பாடல?”

“அங்க பாட்டே கிடையாதுங்க, தாத்தா.” பையன் பணிவாகத்தான் சொன்னான். “செப்பெஷி திவாதர் ஐயா முதல்முதல்ல நடிச்சப்பவே அப்படித்தான் படைச்சாராம். எங்களுக்குப் பாடமே அதான்.”

“அவருதான் முதல்ல நடிச்சதா?”

“ஆமாங்க. இந்தம்மா அவரோட அரங்கத்துலயே வேலை பாக்கறவங்கதானே, கேளுங்களேன்.” என் பக்கம் திரும்பினான். “அப்படித்தானேம்மா?”

அறையில் சோல்நோக் அரங்கத்தின் செயலாளரும் இருந்தார். அந்த மாதம்தான், என்னைப் போல வசனம் எடுத்துக்கொடுக்கும் வயதானவர்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று திவாதர் இருக்கும் குழு முடிவு செய்யவிருந்தது. லிப்பி தன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வற்புறுத்துகிற பார்வை இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்க நிற்பவரின் பார்வை.

“ஆமா” என்றேன். “அப்படித்தான்.”

ரயிலில் அவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காற்று அடிக்கிறது, சன்னலைச் சாத்திவிடேன் என்று மட்டும் கேட்டார். நிலையத்தில் என் கையைப் பிடித்து முத்தமிட்டு, எப்போதும்போல விடைபெற்றார். அடுத்த ஞாயிறு சமைத்து வைத்துவிட்டு நாலு மணி வரை காத்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். பிறகு ஒரு ஆளுக்குத்தான் சமைத்தேன்.