குலுங்காமல் எடுப்பது

என் மனைவியின் ரிமோட் கார் நாலு தடவை திக்கிவிட்டுத்தான் கிளம்பும். வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் கிடையாது. அவள் இறந்துபோன பிறகு அது அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நான் தொடவில்லை. என் மாமனார்தான் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை தண்ணி ஓட்டமாம் மாப்பிள்ளை. குட்டிக்குப் பதிலா நான் ஓட்டுறேன்னு கிளப்புல சொல்லிட்டேன்."

குட்டி என்பது அவளை. தண்ணி ஓட்டம் என்பது அவள் சேர்ந்திருந்த கிளப் ஆண்டுதோறும் வைக்கும் போட்டி. காரின் கூரையில் ஒரு டம்ளரை ஒட்டி விளிம்புவரை தண்ணீர் ஊற்றுவார்கள். பலகைப் பாலம் ஏறி இறங்க வேண்டும். வழியில் அங்கங்கே நின்று கிளம்ப வேண்டும். முடிவில் யார் டம்ளரில் அதிகம் மிஞ்சுகிறதோ அவருக்குப் பரிசு. வேகப் போட்டியில் எல்லோரையும் முந்துகிறவள் இதில் மட்டும் எப்போதும் கடைசி. முதல் நிறுத்தத்திலேயே பாதி கொட்டிவிடும்.

மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நின்றுகொண்டு வருகிறவன் கம்பியைப் பிடிக்காமல் வந்தால்தான் டிரைவர் என்பது அவர் கட்சி. மகளின் காருக்கு அவர் வைத்த பெயர் நொண்டி. போன தடவை அவர் கேலி செய்தபோது, "அடுத்த வருஷம் கடைசி வரமாட்டேன், பாருங்கப்பா" என்றாள். அது அவர் மனதில் நின்றுவிட்டது.

"மோட்டாரை மாத்தணும்" என்றார்.

மாற்றுவதென்றால் அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்த வயர்களை உருக்கி எடுக்க வேண்டும். ஆனாலும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு மோட்டார்களை வைத்தார்.

"ரெண்டுமே ஒரே வகைதான், பிரஷ்லெஸ். இது சென்சார் இல்லாதது. நிக்கும்போது உள்ள காந்தம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு வண்டிக்குள்ள மோட்டாரை ஓட்டுற கண்ட்ரோலருக்குத் தெரியாது. குத்துமதிப்பா தள்ளிப் பாக்கும். அதான் குலுக்கல். சுத்த ஆரம்பிச்சுட்டா தானே புரிஞ்சுக்கும்."

"அப்ப இது?"

"இதுல சென்சார் இருக்கு. எங்க நிக்கிறேன்னு மோட்டாரே கேபிள் வழியா சொல்லிடும்."

"கண்டக்டர் உள்ள வண்டின்னு சொல்லுங்க" என்றார் மாமா. "விசில் குடுத்தாத்தான் எடுக்கணும்."

"அதேதான் ஐயா."

"பின்ன கண்டக்டர் இல்லாததை எவன் வாங்குறான்?"

"நிறைய பேரு. விலை கம்மி. சேத்துல, தூசியில விட்டா கெட்டுப்போக ஒரு சாமான் குறைச்சல். சும்மா பறக்கவிட அதுவே போதும். நின்னு நின்னு மெதுவா எடுக்கணும்னா சென்சார்தான். ஆனா மூணு வயரும் ஏ, பி, சி வரிசை மாறாம பத்தவைக்கணும். சென்சார் இல்லாததுல எப்படி வெச்சாலும் ஓடும். இதுல மாறிச்சுன்னா மோட்டார் காலி. வண்டி கொண்டுவந்திருக்கீங்களா?"

"இல்ல" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் காரைக் கையில் எடுத்திருந்தார். வாங்கி மேசைமேல் திருப்பி வைத்தது நான். கடைக்காரர் அதைத் திறந்து பார்ப்பார் என்று தெரியும். சென்சார் மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் பற்றவைக்கும் இரும்பைச் சூடு செய்தேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். மேல்கூட்டைக் கழற்றினேன். உள்ளே அவள் துடைத்து வைத்தபடியே இருந்தது. மூன்று வயர்கள். நேராகப் போயிருந்தால் சுலபம். ஆனால் ஒன்று மற்றதைத் தாண்டி வளைந்து போய் உட்கார்ந்திருந்தது. மோட்டாரின் முதுகிலும் கண்ட்ரோலரிலும் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன். ஏ-யிலிருந்து ஏ-க்கு. பி-யிலிருந்து பி-க்கு. சி-யிலிருந்து சி-க்கு.

"எப்படி வெச்சாலும் ஓடுற மோட்டாருக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்காளே?" என்றார் மாமா.

மோட்டாரின் ஓரத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நுனி மடிந்திருந்தது. எதை ஒட்டினாலும் நுனியை மடிப்பது அவள் பழக்கம். திரும்ப எடுக்கும்போது நகம் தேட வேண்டாம் என்பாள். மடிப்பைப் பிடித்து இழுத்தேன். அடியில் கேபிள் செருகும் துளை. கண்ட்ரோலரிலும் அதேபோல ஒன்று, ரப்பர் மூடியோடு.

அவளிடம் இருந்ததே சென்சார் மோட்டார்தான். கிளப்பில் யாரோ பயன்படுத்தியதை டப்பா இல்லாமல் வாங்கிவந்தாள். கேபிள் வரவில்லை. ஒன்று வாங்க வேண்டும் என்று அப்போது சொன்னாள். எனக்கு அது எந்தக் கேபிள் என்று தெரிந்திருக்கவில்லை.

"கண்டக்டரை வெச்சுக்கிட்டு வாயைக் கட்டி ஓட்டியிருக்கா, கழுதை" என்றார் மாமா. பிறகு கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரும்பை அணைத்தேன். புது மோட்டாரின் டப்பாவில் இருந்த கேபிளை எடுத்து இரண்டு பக்கமும் செருகினேன். வயர் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். டம்ளர் நிரம்பியது. முதல் நிறுத்தத்தில் கார் நின்றது. என் காது அந்தத் திக்கலுக்காகக் காத்திருந்தது. மாமா "ரைட்" என்று முணுமுணுத்தார். தண்ணீர் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கார் போய்விட்டது. நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன்.

பாலத்து இறக்கத்தில் கொஞ்சம் கொட்டியது. முதல் பரிசு ஒரு பல் டாக்டருக்குப் போனது.

"அந்த ஆளு டம்ளர் குட்டையா இருந்துச்சு" என்றார் மாமா.

"எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான் மாமா."

"சரி விடுங்க. நாம கடைசி இல்லையே?"

"இல்ல. மூணாவது."

தலையை ஆட்டினார். டம்ளரில் மிஞ்சியதை ஓரமாகக் கொட்டிவிட்டு, காரின் கூரையைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.