வேலியோரத்துக் கசப்பு

அந்த மருந்துக் கம்பெனியில் அவளைக் கசப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு கசக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. வாயைத் திறந்தால் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மூடுவாள். வேலைதான் கசப்பு. வந்து இறங்கும் நிலவேம்பு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, நடுவிலிருந்து ஓர் இலையை எடுத்து நாக்கில் வைப்பாள். மென்று துப்பி, வாய் கொப்பளித்துவிட்டுச் சும்மா நிற்பாள். கசப்பு நுனிநாக்கோடு போய்விட்டால் சரக்கு மட்டம். தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் முதல் தரம். அவள் தலையாட்டினால்தான் மூட்டை தராசுக்குப் போகும்.

கம்பெனிக்கு இலை பயிரிட்டுக் கொண்டுவந்து போடும் மூட்டைக்காரர், மழை விட்ட கையோடு இரண்டு விதமாகச் சரக்கு கொண்டுவந்தார். முதல் மூட்டை வழக்கமான ஆற்றோரத்து இலை. இரண்டாவதை நாக்கில் வைத்ததும் அவளுக்கே கண் சுருங்கிப் போயிற்று.

"இது எங்க விளைஞ்சது?"

"பழைய பேட்டரி உருக்குற பட்டறை இருக்குல்லக்கா, அது வேலியோரம் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்துச்சு. ஏன், வேணாமா?"

"வேணாமாவா? இனிமே இதையே கொண்டு வாங்க. இதுக்கு முன்னாடி உங்க ஆத்தோரத்துச் சரக்கு வெறும் வைக்கோல்."

"பொண்ணு பார்க்க வர்ற மாமியார்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டாங்க."

"மாமியாருக்கு நாக்கு நீளம் மட்டும்தான். எனக்கு நாக்குல விவரமும் உண்டு, போங்க."

மாடியில் சோதனைக்கூடத்துப் பெண்ணும் அளந்து பார்த்தாள். கசப்புச் சத்து இதுவரை எந்த மூட்டையிலும் இவ்வளவு இருந்ததில்லை. "உங்க நாக்கும் என் மெஷினும் ஒரே கட்சிக்கா" என்று கைதட்டினாள். மூட்டைக்காரர் ஆற்றோரத்தை விட்டுவிட்டு வேலியோரத்திலேயே நட்டார். வேலிக்குக் கிட்டப் போகப் போகக் கசப்பு கூடியது. இன்னும் கிட்டப் போங்க என்று அவளும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கச்சி மகள், வாண்டு, காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கசப்பக்கா அதிகாரியிடம் கேட்டு, முதல் தர இலையில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனாள். கஷாயத்தைப் பார்த்து மூக்கைப் பிடித்த பிள்ளையிடம், "பெரியம்மா மேல சத்தியமா, இது உன்னைத் தேத்திடும்" என்று கையில் அடித்தாள். பொட்டலம் தீரத் தீர இன்னொன்று போயிற்று. பிள்ளை மட்டும் தேறவில்லை. முகம் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பெரியம்மா இன்னும் நல்ல இலையாகத் தேடித் தேடி எடுத்தாள்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்தது. இலையில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்க்கிற மெஷின். ஒரு மதியம் சோதனைக்கூடத்துப் பெண் கசப்பக்காவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உட்காருங்கக்கா."

"நீ உட்காரச் சொன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

"வேலியோரச் சரக்குல ஈயம் இருக்குக்கா. தாங்க முடியாத அளவு."

"பின்ன அந்தக் கசப்பு? அவ்வளவு நல்லா இருந்துச்சே!"

"ஈயம் நாக்குக்குத் தெரியாது. பட்டறைப் புகையும் மண்ணும் சேர்ந்து செடியை வாட்டியிருக்கு. சில செடிங்க வாடுறப்போ, தன்னைக் காப்பாத்திக்கக் கசப்பைக் கூட்டிக்கும். அது பட்ட பாட்டை நாம முதல் தரம்னு எடுத்துட்டோம். உங்களை மட்டும் சொல்லல. கைதட்டினவ நான்." அவள் மெஷின் கொடுத்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். "கடைக்குப் போனதை எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லியாச்சு. உங்க மேல தப்பில்லக்கா."

கடைக்குப் போனது திரும்பி வரும். தன் பையில் வைத்துக் கொண்டுபோனதை யார் திருப்பி அனுப்புவது? மூட்டைக்காரர் இரண்டையும்தானே கொண்டுவந்து வைத்தார். இது வேண்டாம், அதுதான் வேண்டும் என்று கை நீட்டியது யார்? வழியெல்லாம் அவள் எச்சிலைத் துப்பிக்கொண்டே போனாள். வாயில் ஒன்றுமே இல்லை.

தங்கச்சி வீட்டு அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. வாண்டு கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"என்னடி?"

"நீ சொன்ன மாதிரி நான் கொடுக்கல. வாயில வெச்சாலே துடிக்கிறா, மனசு கேக்கல. பாதியைக் கீழ ஊத்திட்டு, நீ வந்தா காலி டம்ளரைக் காட்டினேன். அதான் புள்ள தேறல. எல்லாம் என்னாலதான். இன்னையிலிருந்து முழுசாக் கொடுத்துடுறேன்."

'போதும்டி, வேற மருந்து பார்ப்போம்' என்று ஒரு வார்த்தை கசப்பக்காவின் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. தங்கச்சி தன்னையே நொந்துகொண்டு காலம் முழுக்க இருப்பாள். பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கித் தொட்டியில் கொட்டினாள்.

"நீ கீழ ஊத்தினதுதான்டி அவளுக்கு நல்லது. நான் கொடுத்த இலையில ஈயம் இருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நல்லதுன்னு பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்தேன். எது ரொம்பக் கெட்டதோ, அதையே பொறுக்கியிருக்கேன். உடனே ரத்தம் பார்க்கணும்."

தங்கச்சி கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் தேய்த்தாள்.

"அப்போ இனிமே கசப்பு கிடையாதா பெரியம்மா?" கட்டிலிலிருந்து வாண்டு கேட்டாள்.

"கிடையாதுடா தங்கம்."

"சத்தியமா?" பிள்ளை உள்ளங்கையை நீட்டினாள்.

பெரியம்மாவுக்குக் கை எழவில்லை.

தங்கச்சி, பிள்ளைக்குச் செருப்பை மாட்டிவிட்டு வாசலுக்குப் போனாள். கசப்பக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். தங்கச்சி திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"ஏன் நிக்கிற? நீயும் வா. எத்தனை நாளாக் கொடுத்தோம், எங்க விளைஞ்சது, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும். என் வாயால வராது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாண்டுவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். ஊசி என்றதும் பிள்ளை, பழக்கம் போலப் பெரியம்மா மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தங்கச்சி சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஈயம்னு சந்தேகப்படுறீங்களா? சீக்கிரமே வந்துட்டீங்க, பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "கஷாயம் யார் கொடுத்தது?"

"அம்மா" என்றாள் வாண்டு, முகத்தை எடுக்காமலே.

"இல்ல டாக்டர்" என்றாள் கசப்பக்கா. "நான்."