மீதி வேகம் எங்கே?

சர்வேயர் நேற்று கடையில் விட்டுப்போன கம்ப்யூட்டருக்குப் பேட்டரியை மாற்றியது நான்தான். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் பிராசஸரின் வேகம் 1100 என்று வந்தது. பக்கத்தில் நின்ற சர்வேயர் அதைப் படித்துவிட்டார்.

"இதுல இருந்தது ரெண்டாயிரத்து ஐந்நூறு. நல்ல பிராசஸரைக் கழட்டிட்டு எதையோ சொருகிட்டீங்க!"

கடை அக்கா கணவருடையது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவனை, இதே மாதிரி உருவினான் என்றுதான் அத்தான் விரட்டினார். வேலை போனால் போகட்டும், நான் இருப்பதும் அவர் வீட்டில்தான். திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு அங்கே எப்படிச் சோறு இறங்கும்?

"எங்க வீட்டுப் பொண்ணு சார். அப்படியெல்லாம் செய்யமாட்டா" என்றார் அத்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார்.

பேட்டரியைக் கழற்றினால் போர்டு தன் அமைப்புகளை மறந்துவிட்டு மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இப்போது சொன்னால் சாக்கு என்றுதான் நினைப்பார். அதனால் அமைப்புகளைத் திறந்தேன். பிராசஸர் பல மடங்காக்கிக்கொள்ளும் அடிப்படை வேகத்துக்கு நான்கு எண்கள் இருந்தன: நூறு, நூற்று முப்பத்து மூன்று, நூற்று அறுபத்தாறு, இருநூறு. எதை வைப்பது? கூட்டி வைத்துப் பிராசஸர் கருகினால் அப்புறம் எதைக் காட்டி வாதாடுவேன்? சாமியை வேண்டிக்கொண்டு நூற்று அறுபத்தாறை வைத்தேன். திரை 1833 என்றது.

"மீதி அறுநூத்தி அறுபத்தேழு எங்கம்மா?" என்றார் சர்வேயர். நிலம் அளக்கிற மனிதர், ஓர் அங்குலம் விடுவாரா?

"சார், ரெண்டாயிரத்து ஐந்நூறுங்கறது அதோட பேரு. வேகம் இல்ல."

"என் காதுல பூ சுத்தாத."

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லவேளை, பயத்தை அது கொஞ்சம் தள்ளி வைத்தது. "கழட்டியே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதிலுள்ள ஆபத்து உறைத்தது. பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித்தான் விடுவிக்க வேண்டும். வழுக்கினால் பிராசஸரின் மூலை உடையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். டக்கென்று விட்டது. உடைந்தது என்றே நினைத்தேன், கண்ணைத் திறக்கவே பயம். உடையவில்லை.

பிராசஸர் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துவிட்டு லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே படிங்க."

எழுத்துகளுக்கு நடுவே அவர் விரல் நின்றது. "ரெண்டு, அஞ்சு, சைபர், சைபர்."

போர்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டி அட்டவணையைக் காட்டினேன். பெயர் 2500, பக்கத்திலேயே நூற்று அறுபத்தாறு, அதற்குப் பக்கத்தில் வேகம் 1833. சர்வேயர் மூன்று தடவை படித்தார். "பேரை இப்படி வச்சா மனுஷன் என்னதான் நினைப்பான்?" என்று கம்பெனிக்காரனைத் திட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புதுப் பசை தடவி எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன்.

சர்வேயர் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அக்கா. நான் வாய் திறப்பதற்குள் அவளே மூச்சிரைக்கப் பேசினாள்.

"பயப்படாதடி. அத்தான் போன் பண்ணுனாரு. உன் பெட்டி, தலகாணி உறை, துணி எல்லாத்தையும் உதறிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. நீ எடுக்கலன்னு அவர்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன்."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதற்குள் திரும்பி வந்த அத்தான் டீயை மேஜையில் வைத்து, "குடி, நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது.