பக்கத்து அறையிலிருந்து வரும் பாதங்கள்

காலையில் எழுந்ததும் பாலை அடுப்பில் வைப்பேன். பொங்குவதற்குள் பல் தேய்த்துவிடுவேன். டீ போட்டு, சர்க்கரை சேர்க்காததை மாமியாரின் அறைக் கதவருகே ஸ்டூலில் வைப்பேன். சட்டைக்கு இஸ்திரி போடும்போது போன் சத்தம் கொடுக்கும். இரண்டு படங்கள் வந்திருக்கும். வலது உள்ளங்கால், இடது உள்ளங்கால். பின்னாலேயே ரோஜாப்பூ போட்ட ‘இனிய காலை வணக்கம்’. எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு. ஒன்றும் இல்லையென்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவேன். பிறகு வேலைக்குக் கிளம்புவேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாமியாருக்குப் பல வருடச் சர்க்கரை. பாதங்கள் மரத்துவிட்டன. கல் குத்தினாலும் தெரியாது, கொதிநீர் பட்டாலும் தெரியாது. என் மனைவி இருந்தவரை அம்மாவின் கால்களை அவள்தான் பார்த்துக்கொண்டாள். போன வருடம் அவள் இறந்துபோனாள். அந்த வேலை இனி யாருக்கு என்று யாரும் பேசவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருவன்.

“காலைக் காட்டுங்க அத்தை” என்று முதன்முதலாகக் கேட்ட அன்று, அவர் புடவையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“என்ன மாப்பிள்ளை நீங்க! உங்க கையில போய்க் காலைக் குடுப்பேனா?”

“தினம் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“அவரு சொல்லுவாரு. அவருக்கு நான் மாமியாரா?”

அவருக்குக் கண்ணும் மங்கல். தானே பார்த்துக்கொள்ள முடியாது. கடைசியில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மறுதொடைமேல் போட்டுப் படம் எடுத்து அனுப்புவதற்கு ஒப்புக்கொண்டார். போனிலிருக்கும் கால் வேறு, சொந்தக் கால் வேறு என்பது அவர் கணக்கு.

மற்ற எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வாசலில் துடைத்து வைத்திருக்கிறார், வருகிறவர்கள் பார்க்க. கால் கழுவும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள் என்றால், காலை உள்ளே விட்டு, “சூடே இல்லையே” என்கிறார். விரலிடுக்கில் கிரீம் தடவாதீர்கள், ஈரம் தங்கிப் புண்ணாகும் என்றேன்.

“கையில மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுமே.”

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இதற்கு நடுவில் மச்சான். என் மனைவியின் அண்ணன். வேறு ஊரில், லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். வாரம் தவறாமல் கூப்பிடுவார். “கால்ல ஏதாவது வந்தா அம்மாவை நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன். வந்தா உடனே எனக்குச் சொல்லிடுங்க மாப்பிள்ளை” என்றார். சரி என்றேன். மகள் இறந்த பிறகு மாமியார் அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பியவர். மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டியபின்தான் வருவார்கள். “சுவத்தோட பேசிப் பேசி அந்தச் சுவருக்கே அலுத்துப்போச்சு” என்றார். இனி ஒருமுறை போனால் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வந்த படத்தில், இடது குதிகாலில் பச்சை நூல் ஒன்று ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் தைப்பதில்லை. பெரிதாக்கினேன். காலுக்குப் பின்னால் தெரிந்தது சாம்பல் நிற மொசைக் தரை. எங்கள் வீட்டில் வெள்ளை டைல்ஸ். பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன். வலது கால் எங்கள் வீட்டில் இருந்தது. இடது கால் பல நாட்களாகவே மொசைக்கில் இருந்தது.

நான் லேபிள் அச்சகத்தில் பிழை பார்க்கிறவன். ஒன்றுபோல இருக்கும் ஆயிரம் லேபிள்களில் கோணலாக விழுந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

கதவைத் தட்டினேன்.

“அத்தை, இது யார் கால்?”

“இதென்ன கேள்வி? என் கால்தான்.”

“நம்ம வீட்டுத் தரை எப்ப மொசைக் ஆச்சு?”

அவர் கண்ணாடியைத் தேடினார். அது தலைமேல் இருந்தது.

“படம் சரியா விழலையோ என்னவோ.”

“படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. கால்தான் வேற.”

குரல் கேட்டு, மாடியில் குடியிருக்கும் டெய்லர் அக்கா இறங்கி வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா. “தம்பி, அம்மாவைத் திட்டாதீங்க. நான்தான் குடுத்தேன்.”

“ஏன்க்கா?”

“கேட்டாங்க. கால் இரவல் கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்றது? அதுவும் நீங்க தினம் பாத்துட்டு நல்லாருக்குன்னு கட்டைவிரலைக் காட்டறீங்களாம். என் காலை இதுவரைக்கும் ஒருத்தரும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியாரைப் பார்த்தேன். அவர் சாக்ஸைக் கழற்றினார்.

இடது சுண்டுவிரலுக்குக் கீழே வட்டமாக ஒரு பிளாஸ்திரி. சுற்றியிருந்த தோல் ஊறி வெளுத்திருந்தது. பிளாஸ்திரியின் ஓரம் ஈரமாக இருந்தது.

“கால் ஆணி மாதிரி தடிப்பா வந்துச்சு. மருந்துக்கடையில கேட்டேன். இதை ஒட்டினா தானா உதிர்ந்துடும்னான்.”

“சர்க்கரை இருக்குன்னு சொன்னீங்களா?”

“அவன் கேக்கல.”

“எரியலையா?”

“வலிக்கவே இல்ல மாப்பிள்ளை. வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா?”

“வலிக்காததுதான் அத்தை வியாதியே!”

டெய்லர் அக்கா சத்தமில்லாமல் மாடியேறினார்.

கிளினிக்கில் கால் மருத்துவர் ஒரு பெண். பிளாஸ்திரியை இடுக்கியால் தூக்கினார். அதில் இருக்கும் ஆசிட்டுக்கு ஆணியும் ஒன்றுதான், நல்ல தோலும் ஒன்றுதான். சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழி. மருத்துவர் கம்பி ஒன்றை மெல்ல உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எலும்பு வரைக்கும் போகல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரல் போயிருக்கும்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “நீங்க பையனா?”

“மாப்பிள்ளை.”

“தினமும் காலைப் பாக்கறதில்லையா?”

“பாக்கறேன்.”

“இதை எப்படிப் பாக்காம விட்டீங்க?”

“அவரைச் சொல்லாதீங்கம்மா. அவரு ஒழுங்காத்தான் பாத்தாரு” என்றார் மாமியார். மருத்துவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை.

தடித்த தோலைச் செதுக்கி, கழுவி, கட்டுப் போட்டார். மாத்திரை எழுதினார். சுண்டுவிரல் பக்கம் தரையில் அழுந்தாத மாதிரி ஒரு தடித்த செருப்பு கொடுத்து, அது இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். ஆணி வந்தால் பிளேடு, பிளாஸ்திரி எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள், நேராக இங்கே வாருங்கள் என்றார்.

“தினம் கட்டுப் பிரிச்சுக் கழுவிப் புதுசாக் கட்டணும். யார் செய்வீங்க?”

நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

திரும்பும்போது ஆட்டோவில் மாமியார், “அவன்கிட்ட சொல்லாதீங்க” என்றார். மச்சானைத்தான் சொல்கிறார்.

“வந்தா சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“சொன்னா வந்து நின்னுடுவான். அதுக்குத்தான் மறைச்சேன்.”

“மறைச்சு விரலை விட்டிருந்தா மட்டும் வர மாட்டாரா?”

அவர் புடவை ஓரத்தைக் கட்டுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். “உங்களுக்கென்ன. நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்.”

என் மனைவி போனபிறகு எனக்கு எதன்மேலும் பெரிதாகக் கோபம் வந்ததில்லை. துக்கம்கூட ஒழுங்காக வந்ததில்லை. இப்போது வந்தது, கோபம்.

“ஒண்ணுதான்னா தினம் காலையில வேலைக்குக் கிளம்பற நேரத்துல எதுக்கு ஊர்ல உள்ளவங்க காலையெல்லாம் பெரிசாக்கிப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்?”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு. கட்டுத் துணி, மருந்துத் தண்ணீர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“மாடியில கேட்டுப் பாருங்களேன்” என்றார்.

“கேட்டுட்டேன். புண்ணைப் பாத்தா மயக்கம் வருமாம். வேணும்னா இன்னொரு தடவை கால் தர்றாங்களாம்.”

“அப்போ நானே கட்டிக்கறேன்.”

“கண்ணு தெரியாம எங்க கட்டுவீங்க, கட்டில் கால்லயா? நான் கட்டணும். இல்ல, உங்க பையன் வந்து கட்டணும். சொல்லுங்க.”

என்னை முறைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாருடைய காலையோ தள்ளிவிடுவதுபோல இடது காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பழைய கட்டைப் பிரித்தேன். பாதம் நினைத்ததைவிடக் கனமில்லாமல் இருந்தது. மருந்துத் தண்ணீரால் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைத்தபோது அவருடைய போன் அடித்தது. மச்சானின் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை அழைப்பு. நான் கையை நீட்டினேன். சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அவர் போனை என்னிடம் தரவில்லை. தானே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“கால்ல புண்ணுடா. ஆணிக்கு பிளாஸ்திரி ஒட்டினேன், வெந்துபோச்சு. மாப்பிள்ளைக்கு அது தெரியாது, மறைச்சுட்டேன்.”

மச்சான் கத்தத் தொடங்கினார். இன்றைக்கே கிளம்பி வருகிறேன், பெட்டியைக் கட்டி வை, மாப்பிள்ளையிடம் போனைக் கொடு. அறை முழுக்க அவர் குரல். நான் புதுத் துணியை மடித்துப் புண்மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். கையை எடுக்க முடியாது.

இந்த இடத்தில் மாமியார் என்ன சொன்னார் என்பதைப் பற்றி உறவுக்குள் இப்போது பல பேச்சு. மகள் வாழ்ந்த வீட்டை விட்டு உயிரோடு வர மாட்டேன் என்று அழுததாக மச்சான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கு மகனும் மாப்பிள்ளைதான், மகளும் மாப்பிள்ளைதான் என்று சொன்னதாக, மாடியிலிருந்து கேட்டதாக, டெய்லர் அக்கா சொல்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் அழவில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

“சும்மா கத்தாதடா. மாப்பிள்ளை காலைப் பாத்துட்டு இருக்காரு. முடிஞ்சதும் கூப்பிடறேன்.”